மத்தியா, வஞ்சிரமா, அணைக் கெண்டையா? கொங்கு வீடுகளுக்கு ஒரு மீன் கணக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர் என்று எந்த ஊரில் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தாலும், மருந்துச் சீட்டோடு ஓர் அறிவுரையும் சேர்ந்து வருகிறது: ஆட்டுக்கறியைக் குறையுங்கள், வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிடுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் எந்த மீன், எவ்வளவு, எங்கே பிடித்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வீட்டார் நேராகக் கடைக்குப் போய் வஞ்சிரத்தில் நாலு துண்டு வாங்கி, மிளகாய்த்தூள் தடவி எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்னதைச் செய்துவிட்டோம் என்று திருப்தி அடைகிறார்கள். உடம்பையும் கடலையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், அதைவிட நல்ல தேர்வுகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை எடைபோட்டுப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, வாரத்துக்குக் குறைந்தது 100 முதல் 200 கிராம் மீன் என்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை வாரம் இரண்டு பங்கு என்கிறது. ஒரு பங்கு என்பது சமைத்த பிறகு 140 கிராம், இரண்டில் ஒன்றாவது கொழுப்புள்ள மீனாக இருக்க வேண்டும். மனிதர் உடல்நலத்தையும் பூமியின் தாங்குதிறனையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்ட ஈட்-லான்செட் குழு 2019இல் நாளுக்கு 28 கிராம் என்றது. அதுவும் வாரத்துக்கு 200 கிராமை ஒட்டித்தான் வருகிறது. ஆக, ஆளுக்கு வாரம் 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

இதைத் தமிழ்நாடு முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாம் 7.21 கோடிப் பேர். ஆளுக்கு வாரம் 200 கிராம் சதை என்றால் ஆண்டுக்குச் சுமார் 7.5 லட்சம் டன். நம் கடற்கரை முழுவதும் ஓராண்டில் இறங்கும் கடல் மீன் ஏழு லட்சம் டன்னைச் சுற்றித்தான் இருக்கிறது. அதுவும் தலை, முள், குடல் எல்லாம் சேர்ந்த முழு மீனின் எடை. சுத்தம் செய்தால் ஏறக்குறையப் பாதி போய்விடும். மிச்சத்திலும் ஒரு பகுதி ஏற்றுமதிக்கும், ஒரு பகுதி மீன்தூள் ஆலைக்கும் போகிறது. சைவ உணவுக்காரர்களைக் கழித்தாலும் கணக்கு நேராவதில்லை. உலக அளவிலும் இதே நெருக்கடிதான். கண்காணிப்பில் உள்ள கடல் மீன் வளங்களில் 37.7 சதவீதம், தாங்கும் அளவுக்கு மேல் பிடிக்கப்பட்டுவிட்டதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2024இல் எழுதியது. மீன் எண்ணெயை எல்லோருக்கும் பரிந்துரைப்பது கடலுக்குத் தாங்குமா என்று கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆய்வாளர்கள் 2009இலேயே கேட்டுவிட்டார்கள்.

அதற்காக மீனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதயத்துக்கு மீனால் கிடைக்கும் நன்மையின் பெரும்பகுதி இ.பி.ஏ., டி.எச்.ஏ. எனப்படும் இரண்டு ஒமேகா-3 கொழுப்புகளிலிருந்து வருகிறது. நாளொன்றுக்கு இரண்டும் சேர்ந்து 250 மில்லிகிராம் கிடைத்தால், மாரடைப்பால் இறக்கும் ஆபத்து நன்றாகவே குறைகிறது. அதற்கு மேல் எவ்வளவு சாப்பிட்டாலும் கூடுதல் பயன் சொற்பம்தான் என்று 2006இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இது எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த செய்தி. நமக்குத் தேவை நிறைய மீன் இல்லை. ஒமேகா-3 அடர்த்தியாக உள்ள மீன் கொஞ்சம் போதும். வாரத்துக்கு 1,750 மில்லிகிராமை எந்த மீன் குறைந்த சதையில், குறைந்த செலவில், கடலுக்குக் குறைந்த சேதத்தில் தருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் வரிசை தலைகீழாகிறது. கடையின் முன்வரிசையில் வெட்டிவைத்த வஞ்சிரம் பின்னுக்குப் போகிறது. மூலையில் கூடையில் குவித்திருக்கும் மத்தி முன்னுக்கு வருகிறது.

கொழுப்பேறிய பருவத்தில் நூறு கிராம் மத்திச் சதையில் ஒரு கிராமுக்கு மேல் ஒமேகா-3 இருக்கும். ஆளுக்கு வாரம் 150 கிராம் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோவோ, அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ முழு மீன் வாங்கி ஒரே நாளில் குழம்பு வைத்தால், அந்த வாரத்தின் இதயக் கணக்கு தீர்ந்தது. வஞ்சிரம் ருசியான மீன், முள் குறைந்த மீன், குழந்தைகளுக்குக் கொடுக்க எளிதான மீன், எல்லாம் உண்மை. ஆனால் அதன் சதையில் கொழுப்பு குறைவு. அதே அளவு ஒமேகா-3 வேண்டுமானால் மத்தியைவிட நிறையச் சாப்பிட வேண்டும், விலையோ பல மடங்கு. விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அது மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன் என்பதால், சிறிய மீன்களில் இம்மியாக இருக்கும் பாதரசம் அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகிறது. மீன் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு சேர்மானம். சரி, சிறியதாக வாங்கலாமா என்றால் அது இன்னும் மோசம்: முட்டையிடும் பருவத்தை எட்டாத குட்டி வஞ்சிரத்தை வாங்குவது அடுத்த ஆண்டுப் பிடிப்பையே வாங்கிச் சாப்பிடுவது. மாப்பிள்ளை விருந்துக்கும் பொங்கலுக்குப் பிறகு வரும் உறவினருக்கும் வஞ்சிரம் இருக்கட்டும். வாராவாரம் வாங்கும் மீனாக அதை வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மத்தியைப் பற்றிக் கொங்குப் பகுதியில் ஒரு மனத்தடை இருக்கிறது. அது மலையாளிகளின் மீன், முள் அதிகம், வீடு முழுவதும் வாடை அடிக்கும், அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்றெல்லாம் சொல்கிறார்கள். முள் உண்மைதான். ஆனால் சின்ன மத்தியைப் புளியும் தக்காளியும் சேர்த்துக் குறைந்த தணலில் நெடுநேரம் வேகவைத்தால் நடு முள்ளும் மென்று விழுங்கும் பதத்துக்கு வந்துவிடும், அப்போது சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். வாடை பெரும்பாலும் பழைய மீனிலிருந்தே வருகிறது. மத்தியின் கொழுப்பு சீக்கிரம் கெடும் இயல்புடையது. பிடித்த நேரத்திலிருந்து பனிக்கட்டியில் இருந்தால்தான் நன்றாக இருக்கும். கண் தெளிவாகவும், வயிறு வெடிக்காமலும், விரலால் அழுத்தினால் குழி விழாமலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அயிலைக்கும் இதே சோதனைதான். மத்தி கிடைக்காத நாளில் அயிலை, அதுவும் இல்லாவிட்டால் நெத்திலி. மூன்றுமே சிறியவை, விரைவில் வளர்பவை, பாதரசம் மிகக் குறைந்தவை.

பொரிப்பதா, குழம்பா என்ற கேள்விக்கு என் விடை குழம்புதான். சின்ன வெங்காயமும் வறுத்து அரைத்த கொத்தமல்லியும் தேங்காயும் போட்டு நம் பக்கத்தில் வைக்கும் குழம்பில், மீனிலிருந்து கசியும் கொழுப்பு சாற்றிலேயே தங்கிச் சோற்றோடு வயிற்றுக்குப் போகிறது. எண்ணெய் நிறைய விட்டுப் பொரித்தால் மீனின் கொழுப்பில் ஒரு பகுதி வாணலியில் போய், வாணலியின் எண்ணெய் மீனுக்குள் வந்துவிடும். தோசைக்கல்லில் வாழை இலை போட்டு, கொஞ்சம் எண்ணெயில் சுட்டெடுப்பது நடுவழி.

இவ்வளவு சொன்ன பிறகு, மத்தி எல்லையில்லாமல் கிடைக்கும் மீன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேரளக் கரையில் 2012இல் ஏறக்குறைய நான்கு லட்சம் டன் மத்தி இறங்கியது. 2021இல் அது வெறும் 3,297 டன். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தந்த இந்த எண்களை முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். பிழையில்லை. பசிபிக் கடல் நீர் சூடேறும் எல் நினோ என்ற நிகழ்வால் நம் கடலின் வெப்பமும் உணவும் மாறியது ஒரு பக்கம், குஞ்சு மீன்களை அள்ளியது இன்னொரு பக்கம். பிறகு மத்தி திரும்பி வந்து, மீண்டும் லட்சம் டன்னைக் கடந்தது. நன்றாகப் பெருகும் மீனுக்கும் மூச்சுவிட நேரம் கொடுக்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது. கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியையும், 14 சென்டிமீட்டருக்குக் குறைந்த அயிலையையும் பிடிக்கத் தடை இருக்கிறது. வாங்கும் நமக்கும் அதே அளவு இருக்கட்டும். உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடும் மத்தியைக் கூறு போட்டு விற்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மத்தியைப் பிடிப்பதைவிட எனக்கு வருத்தம் தருவது அது போகும் இடம். மனிதர் சாப்பிடக்கூடிய மத்தியும் குஞ்சு மீன்களும் டன் கணக்கில் மீன்தூள் ஆலைகளுக்குப் போகின்றன. ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ மீன் வேண்டும். அந்தத் தூள் இறாலுக்கும் வளர்ப்பு மீனுக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. கோழிப் பண்ணைகளால் வாழும் நாமக்கல் நம் கொங்கு மண்ணில்தான் இருக்கிறது; எனவே இது எங்கோ நடக்கும் விஷயம் இல்லை. மத்தியைத் தீவனமாக்கி, அந்தத் தீவனத்தில் வளர்ந்ததை நாம் சாப்பிடும்போது, கடலிலிருந்து எடுத்த ஒமேகா-3இல் பெரும்பகுதி நம் தட்டுக்கு வராமலே போகிறது. மத்தியை மத்தியாகவே சாப்பிடும் வீடுகள் பெருகினால், அதைத் தீவன ஆலை தரும் விலைக்கு மேல் விற்க மீனவருக்கு வழி பிறக்கும்.

அடுத்து, நம் சொந்த மீன். கடற்கரையே இல்லாத கொங்கு நாட்டுக்கு அணைகள் இருக்கின்றன: மேட்டூர், பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது; பவானிசாகர் 1955இல். அன்று முதல் இவற்றில் மீன்குஞ்சு விட்டு வளர்த்துப் பிடிக்கும் தொழில் நடக்கிறது. பரிசலில் போய் வலைவீசும் உள்நாட்டு மீனவர்களின் பிழைப்பு இது. தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகம் பவானிசாகர், ஆழியாறு, அமராவதி போன்ற அணைகளில் மீன்பிடிப்பை நடத்தி, தன் விற்பனை நிலையங்கள் வழியாகவும் விற்கிறது. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி.

கெண்டை இனங்களின் பெரும் சிறப்பு, அவை வளர்வதற்குக் கடல் மீன் தேவையில்லை என்பது. கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிறது, ரோகு நடுமட்டத்தில் மேய்கிறது, மிர்கால் அடியில் மக்கியதைத் தின்கிறது. மூன்றையும் ஒரே குளத்தில் விட்டு, தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டால் போதும். நம் விவசாயிகள் மானியத்தில் வெட்டிய பண்ணைக் குட்டைகளில் இதைச் செய்ய முடியும், பலர் செய்கிறார்கள். இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி 2023-24இல் 184 லட்சம் டன். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது. கடலின் சுமையை இறக்கி வைக்கும் தோள் இதுதான்.

குறை என்ன? ஒமேகா-3 மிகக் குறைவு. ரோகுவையோ கட்லாவையோ மட்டும் நம்பி இதயத்துக்கான அளவை எட்ட நினைத்தால், ஆளுக்கு வாரம் ஒரு கிலோ சதைக்கு மேல் சாப்பிட வேண்டியிருக்கும். ஆனால் அந்த வேலைக்கு அதை அழைக்கவே வேண்டாம். நல்ல புரதம், பி12, குறைவான கெட்ட கொழுப்பு ஆகியவற்றுக்கு அது போதும். ஆட்டுக்கறி எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக் கட்லாவுக்குக் கொடுத்தால் இதயத்துக்கு அதுவே லாபம். முதல் நாள் மத்தி, இரண்டாம் நாள் அணைக் கெண்டை என்று வாரத்தின் இரண்டு பங்கையும் பிரித்துக்கொள்வதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். மருத்துவர் கேட்ட இரண்டு நாளும் நிறைவேறும், கடலிடம் கேட்பது பாதியாகக் குறையும்.

ஜிலேபிக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் இது. விட்ட இடத்திலெல்லாம் பெருகி, நாட்டுக் கெண்டைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது. அமராவதி அணையில் நீண்ட காலமாக அதன் ஆட்சிதான். அணையில் பிடித்த ஜிலேபியை எவ்வளவு வாங்கிச் சாப்பிட்டாலும் இயற்கைக்கு நட்டமில்லை, லாபமே. ஒமேகா-3 சொற்பம், விலை மலிவு, சுத்தம் செய்வது கொஞ்சம் சிரமம், மிளகு போட்டு வறுத்தால் அருமை. சந்தோஷமாக வாங்கக்கூடிய மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தி அப்படியில்லை. அதை வளர்க்கவே இந்தியாவில் தடை உள்ளது. அழுகிய கோழிக் கழிவைப் போட்டு அதை ரகசியமாக வளர்ப்பவர்கள் பிடிபடும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. நாட்டுக் கெளுத்தி என்று சொல்லி மிக மலிவாகப் பெரிய கெளுத்தியை விற்றால் வாங்கவே வேண்டாம். பவானிசாகருக்கு நீர் கொண்டுவரும் மாயாற்றில் திமில் மஹசீர் என்ற பெரிய கெண்டை இன்னும் உயிரோடு இருக்கிறது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன். 2018இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவித்தது. ஆற்று மீன் என்று பெருமையாக யாராவது அதைக் கொண்டுவந்தால், விலை கேட்காமலே மறுத்துவிடுவது நம் கடமை.

அணை மீன், குளத்து மீன் எல்லாம் ஒரே தரம் இல்லை. பவானிசாகரும் ஆழியாறும் மலையடிவாரத்து நீர். நொய்யல் வழியில் உள்ள நகரக் குளங்களின் கதை வேறு. கழிவுநீர் கலக்கும் குளத்தில் பிடித்த மீனை நான் வாங்க மாட்டேன். திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையை எப்படிப் பாழாக்கியது என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது. ஆகவே "உயிர் மீன்" என்று தொட்டியில் துள்ளவிட்டு விற்கும் கடையில் முதல் கேள்வி, எந்த அணை, எந்தக் குளம் என்பதாக இருக்க வேண்டும். நேர்மையான வியாபாரி உடனே சொல்வார்.

மற்ற தேர்வுகளை வேகமாகவே பார்த்துவிடலாம். வளர்ப்பு இறால் இப்போது ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ருசிக்குச் சரி, ஆனால் அதன் தீவனத்தில் மீன்தூள் இருக்கிறது, ஒமேகா-3 மத்தியோடு ஒப்பிடத்தக்கதும் இல்லை. முள்ளில்லாத வெள்ளைத் துண்டுகளாகப் பாக்கெட்டில் வரும் பாசா, புரதம் மட்டுமே தரும் மீன். இதயத்துக்காக என்று அதை வாங்குவது வீண். நார்வேயிலிருந்து விமானத்தில் வரும் சால்மனில் ஒமேகா-3 நிறைய இருக்கிறது. ஆனால் அந்தச் சால்மனை வளர்க்கச் சிறிய கடல் மீன்களின் எண்ணெயைத்தான் தீவனத்தில் கலக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மத்தி இறங்கும்போது சால்மனுக்கு அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கருவாடு கொங்குக்குப் பழைய உறவு. பனிக்கட்டி லாரி வராத காலத்தில் வாரச்சந்தைக் கருவாடுதான் நம் ஊர்களுக்குக் கடலைக் காட்டியது. நெத்திலிக் கருவாட்டில் புரதமும் சுண்ணாம்பும் செறிந்திருக்கின்றன. கெடுதல் உப்பில் இருக்கிறது. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, ரத்த அழுத்தம் உள்ளவர் கருவாட்டை மீனின் இடத்தில் வைக்க முடியாது. வெந்நீரில் இரண்டு முறை அலசி, எப்போதாவது தொட்டுக்கொள்ளும் பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

மீன் எண்ணெய் மாத்திரை குறித்தும் பலர் கேட்கிறார்கள். 25,871 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த வைட்டல் ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. நோயில்லாதவர்கள் தினமும் ஒமேகா-3 மாத்திரை எடுத்ததால் பெரிய இதய நோய்களின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதிக அளவு மாத்திரையால் இதயத் துடிப்புச் சீர்கேடு கூடும் என்றும் வேறு ஆய்வுகள் காட்டின. மாத்திரைக்குள் இருப்பதும் கடலில் பிடித்த சிறு மீன்தான். மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காக எழுதிக்கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி குழம்பு போதும். முழுச் சைவக் குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களுக்கு ஆளிவிதைப் பொடி உதவும் என்றாலும், அதிலுள்ள ஒமேகா-3 உடலுக்குள் டி.எச்.ஏ.வாக மாறும் அளவு மிகச் சொற்பம். மீனுக்கே அந்தச் சத்து கடல் பாசியிலிருந்துதான் கிடைக்கிறது. அந்தப் பாசியிலிருந்து நேரடியாக எடுத்த எண்ணெய் மாத்திரை இப்போது கிடைக்கிறது. தேவைப்படுவோருக்கு அது நேர்வழி.

இனிச் சொல்லப்போவது வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறும் என்று பால்சுறாப் புட்டுச் செய்து கொடுக்கும் வழக்கம் கடற்கரையிலிருந்து நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. அன்பில் செய்வதுதான். ஆனால் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்துக் கழகம் சுறாவை வைத்திருக்கிறது. காரணம் பாதரசம், அது குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். பால்சுறா சிறிய இனம், பெரிய சுறாவின் அளவுக்கு அதில் பாதரசம் சேராது என்று வாதிடலாம். அப்போதும், கடையில் "பால்சுறா" என்ற பெயரில் கிடைப்பது உண்மையில் சிறிய இனமா, பெரிய சுறாவின் குட்டியா என்று தோலுரித்து வெட்டிய பிறகு யாரால் சொல்ல முடியும்? சுறா, மத்தியைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடும் உயிரும் இல்லை. மெதுவாக வளர்ந்து, ஓர் ஈற்றில் சில குட்டிகளையே தருகிறது. உலகில் அதிகமாகச் சுறா பிடிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தாய்க்கும் குழந்தைக்கும் உண்மையில் தேவைப்படும் டி.எச்.ஏ. மத்தியிலும் நெத்திலியிலும் அயிலையிலும் தாராளமாக இருக்கிறது. அதே அமெரிக்கக் கழகம், பாதரசம் குறைந்த மீனைக் கர்ப்பிணிகள் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடச் சொல்கிறது. பூண்டும் மிளகும் தட்டிப்போட்ட நெத்திலிக் குழம்பைப் பிரசவ வீட்டுச் சமையலாக்கிவிட்டால், புட்டுக்காக ஒரு சுறாவும் சாக வேண்டியதில்லை.

எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது என்பதில் கொங்குக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. நாம் இரண்டு கடல்களுக்கு நடுவில் இருக்கிறோம். கோவை உக்கடம் மொத்த மார்க்கெட்டிலும், ஈரோடு ஸ்டோனி பாலத்திலும், திருப்பூர் தென்னம்பாளையத்திலும் ராமேஸ்வரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி மீனோடு கேரள மீனும் இறங்குகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கேரளத்தில் ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை 31 வரை. ஒரு பக்கம் மூடும்போது மறுபக்கம் திறந்திருப்பதால் நமக்குத் தடைக்காலமே தெரிவதில்லை. இது வசதி, ஆனால் ஒரு கரை ஓய்வெடுக்கும்போது நம் தேவை முழுவதும் மறுகரையின் தலையில் விழுகிறது. இந்த மாதங்களில் குளிர்கிடங்கில் பல வாரம் கிடந்த பெரிய மீன்களும் "இன்று வந்தது" என்ற பெயரில் விலைக்கு வருகின்றன. 2018இல் கேரள அதிகாரிகள் நடத்திய சாகர் ராணி என்ற மீன் சோதனையில், கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த சரக்கு பிடிபட்ட இடங்களில் ஒன்று, கோவையை ஒட்டிய வாளையார் சோதனைச் சாவடி என்பதை நாம் மறக்கக் கூடாது. எனவே ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை வாரத்தின் இரண்டு நாளையும் அணை மீனுக்கே கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. நாட்டுப்படகு மீனவர்களுக்குத் தடை இல்லை. அவர்கள் பிடித்த நெத்திலியோ மத்தியோ நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். மூன்றரை மாதம் ஒமேகா-3 குறைந்துவிடுமே என்று இதய நோயாளிகள் கவலைப்பட்டால், அவர்களுக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது அயிலை தேடி வாங்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கண்டிப்பு தேவையில்லை.

கேரளத்தில் ஆகஸ்ட் தொடக்கத்தில் படகுகள் கடலுக்குத் திரும்பும்போது மத்தி வரத்து கூடும், ஆனால் அப்போது அது முட்டையிட்டுக் களைத்த மீன். சதையில் கொழுப்பு குறைவு. பருவமழைக்குப் பின் கடலில் நுண்ணுயிர்கள் பெருக, அதைத் தின்று தின்று மத்தி கொழுக்கத் தொடங்கும். நம் வீடுகளில் அதற்குள் புரட்டாசி வந்துவிடும். சனிக்கிழமை விரதம் என்று தொடங்கி மாதம் முழுவதும் அசைவத்தை நிறுத்தும் குடும்பங்கள் இங்கே மிகுதி; மார்க்கெட் வெறிச்சோடி, விலை இறங்கும். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு எல்லோரும் ஒரே நேரத்தில் வஞ்சிரத்துக்கும் ஆட்டுக்கறிக்கும் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைதான் மத்தியின் உடம்பில் ஆண்டிலேயே அதிகக் கொழுப்பு இருக்கும் காலம். அந்த ஞாயிறு ஒரு கிலோ மத்தி வாங்குங்கள். ஒரு சாண் நீளம், கண் தெளிவு, வயிறு உறுதி. தலையைக் கடைக்காரரிடமே நறுக்கித் தரச் சொல்லலாம், செதிலை வீட்டில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொள்ளலாம்.